நம்ம குமரி மாவட்டத்துல கிடைக்கிற பொருளை வச்சு துணிக்குச் சாயம்: எது நிக்கும், எது ஓடும்?

தக்கலை_தையல் · திங்கள், காலை 10:12

தக்கலை பக்கம் சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். கைத்தறி வெள்ளைத் துணி எடுத்து கைப்பிள்ளைகளுக்கு உடுப்பு தைச்சுக் கொடுக்கேன். இப்பம் ரெண்டு மூணு வாடிக்கைக்காரங்க, "கெமிக்கல் சாயம் வேண்டாம், செடிகொடிச் சாயத்துல தருவியளா"ன்னு கேக்காங்க. வீடியோவுல பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூன்னு என்னெல்லாமோ வேகவச்சு அழகா காட்டுதாங்க. ஒருத்தராவது அந்தத் துணியை நாலு தடவை சோப்புப் போட்டுத் துவைச்சு, வெயில்ல காயப் போட்டு, பிறகு எப்படி இருக்குன்னு காட்டினா நம்பலாம். காட்டமாட்டேங்காங்க.

நம்ம மாவட்டத்துல கையெட்டுற தூரத்துல கிடைக்கிற பொருள்ல எது நிறம் நிக்கும்? ஆன்லைன்ல எங்கிருந்தோ வரவழைச்சு விலையை ஏத்த எனக்கு விருப்பமில்லை. பிள்ளைங்க துணியை வாயில வச்சுச் சப்பும், அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

சங்குப்பூ_வீடு · திங்கள், காலை 10:40

அக்கா, பீட்ரூட் சூப்பரா பிடிக்கும். வினிகரும் கல்லுப்பும் போட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க, கலர் லாக் ஆயிரும். நான் கர்ச்சீப்புக்குப் போட்டேன், ரோஸ் அவ்வளவு அழகு!

வேதி_வாத்தியார் · திங்கள், மதியம் 1:25

வினிகரும் உப்பும் பருத்தியில் எந்தச் செடிச் சாயத்தையும் பூட்டி வைக்காது. உப்பு போடுவது டைரக்ட், ரியாக்டிவ் போன்ற செயற்கைச் சாயங்களுக்கு. அந்தப் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. பீட்ரூட்டில் இருப்பது பீட்டலெய்ன். வெயில், சூடு, சோப்பு மூன்றில் எதையும் தாங்காது. சங்குப்பூ, செம்பருத்தியில் இருப்பது ஆந்தோசயனின். எலுமிச்சை பட்டால் ஒரு நிறம், சோப்புத் தண்ணீர் பட்டால் இன்னொரு நிறம். பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு நல்லது, உடுப்புக்கு ஆகாது.

மஞ்சள் கிழங்கு வேறு ரகம். குர்குமின் எந்தப் பிடிமானமும் இல்லாமலே பருத்தியில் ஏறிவிடும், துவைத்தாலும் ஓரளவு இருக்கும். வெயிலில் போட்டால் போச்சு. சாம்பார் சிந்திய வேட்டியை வெயிலில் காயப்போட்டுக் கறையைப் போக்குவது எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தைதானே.

நிறம் நிற்க வேண்டுமென்றால் துணிக்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு உலோக உப்பு வேண்டும்: படிகாரம், இல்லையென்றால் இரும்பு. பருத்திக்கு அதற்கும் முன்னால் துவர்ப்பு, அதாவது டானின் ஏற்ற வேண்டும். கம்பளியும் பட்டும் புரதம், படிகாரத்தை நேராக வாங்கிக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ், அது லேசில் வாங்காது. வெளிநாட்டு வீடியோக்களில் பாதி கம்பளிக்குச் சொன்னவை. தக்கலையில் யாருக்குக் கம்பளி உடுப்பு?

வடசேரித்_தறி · திங்கள், இரவு 9:05

மக்கா, சாயத்தைப் பத்தி யோசிக்கதுக்கு முன்ன துணியைப் பாரு. தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும். பருத்தியிலயே மெழுகும் உண்டு. அது ரெண்டும் போகாம நீ எந்தச் சாயத்துல முக்கினாலும் திட்டுத்திட்டாத்தான் வரும். மொதல்ல வெந்நியில ஊறப் போட்டு கஞ்சியைக் கசக்கி எடு. அப்புறம் ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் சலவைச் சோடா, துணி தாராளமா முங்குற அளவு வெள்ளம் (தண்ணி), ஒரு மணிநேரத்துக்குக் குறையாமக் கொதிக்க விடு. வெள்ளைத் துணிதானேன்னு நினைப்ப. வெள்ளம் கட்டன்சாயா நிறத்துக்கு வரும் பாரு, அவ்வளவும் நூல்ல இருந்தது. நல்லா வெந்த துணியில ஒரு சொட்டு வெள்ளம் விட்டா உடனே குடிச்சிரும். சொட்டு உருண்டு நின்னா மறுபடியும் வேகவை.

ரெண்டாவது, கடுக்காய். நாட்டுமருந்துக் கடையில கொட்டை எடுத்த தோடா வாங்கி இடிச்சுக்கோ. கிலோ துணிக்கு 150-லருந்து 200 கிராம். வெதுவெதுப்பான வெள்ளத்துல கரைச்சு, துணியைப் போட்டு ராத்திரி முழுக்க விடு. பிழிஞ்சு நிழல்ல காயப் போடு, அலசாத. துணி லேசா மஞ்சளிக்கும், அது தப்பில்லை.

மூணாவது, படிகாரம். கிலோவுக்கு 150 கிராம். வெந்நியில கரைச்சு, 20 கிராம் சலவைச் சோடாவைத் தனியாக் கலக்கி கொஞ்சம் கொஞ்சமா விடணும். புஸ்ஸுன்னு நுரைச்சு வரும், பெரிய பாத்திரமா எடுத்துக்கோ. எவர்சில்வர்தான் எல்லாத்துக்கும் நல்லது. இரும்புச் சட்டியும் செம்பும் நிறத்தை மாத்திரும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் பிறகு அடுக்களைக்கு வரக்கூடாது.

இனி நம்ம ஊர்ச் சாயம். என்னைக் கேட்டா, இந்த மாவட்டத்துக்கு ஒரே ஒரு பொருள் சொல்லுன்னா சக்கை மரம், அதான் பலா மரம்தான் சொல்லுவேன். மர அறுப்பு மில்லுல சக்கைத் தடி அறுக்கும்போது விழுற பொடி, நல்ல மஞ்சளா இருக்கும். பர்மா, தாய்லாந்துல புத்த பிக்குகளுக்க சீவர உடுப்புக்குக் காலங்காலமா இந்த மரத்துச் சாயம்தான். நம்ம ஊர்ல அதே பொடி அடுப்பெரிக்கப் போகுது. துணி எடைக்குச் சமமா பொடி எடுத்து, துணியில கிழியாக் கட்டி (இல்லைன்னா பொட்டுப்பொட்டா ஒட்டும்), ராத்திரி ஊறவச்சு, காலையில ஒரு மணிநேரம் கொதிக்க வை. அதுல நனைச்ச துணியைப் போட்டு, பையச் சூடேத்தி, இன்னொரு மணிநேரம். அந்த வெள்ளத்துலயே ஆறட்டும். பொன்மஞ்சள் வரும்.

வேதி_வாத்தியார் · திங்கள், இரவு 9:31

அண்ணாச்சி சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. சக்கை மரத்தில் நிறம் தருவது மோரின். அது நடு வைரத்தில்தான் இருக்கும். வெளிச்சுற்று வெள்ளை மரத்தில் ஒன்றும் கிடையாது. மில்லில் வெளிறின பொடி தந்தால் வாங்காதீர்கள். வெயிலில் மஞ்சள் கிழங்கை விட எவ்வளவோ தேவலை, ஆனாலும் எல்லா மஞ்சள் சாயத்தையும் போலக் கொஞ்சம் இறங்கும். ஒரு துண்டை ஜன்னலோரம் பாதி அட்டையால் மூடி சில வாரம் வைத்துப் பாருங்கள், அப்புறம் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுங்கள்.

தக்கலை_தையல் · செவ்வாய், காலை 8:50

அண்ணாச்சி, சார், ரெண்டுபேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். எங்க வீட்டுல போர்வெல் வெள்ளம். வாளியில பிடிச்சு வச்சா ஒருநாள் கழிச்சு அடியில செந்நிறமா படியுது. அதுல பண்ணலாமா?

வேதி_வாத்தியார் · செவ்வாய், காலை 9:15

வேண்டாம். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான், வீடியோக்காரர்கள் ஒருவரும் தொடாதது. நம் மாவட்டத்தில் மேற்குப் பக்கம் முழுக்கச் செம்மண்ணும் செம்பாறையும். பல இடங்களில் நிலத்தடி நீரில் இரும்பு கரைந்து வரும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, பழைய காலத்து எழுது மையே அப்படித்தான் செய்தார்கள். கடுக்காய் ஏற்றிய துணியை அந்தத் தண்ணீரில் அலசினால் சாம்பல் பூத்துப்போகும்; உங்கள் பொன்மஞ்சள் பாசி நிறத்துக்குப் போய்விடும்.

சோதிப்பது சுலபம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு கரண்டி தெளிந்த கடுக்காய்க் கஷாயம் விடுங்கள். தெளிவான மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர். கருநீலமாகக் கலங்கினால் இரும்பு இருக்கிறது. மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல், உவர்ப்பும் கடினத்தன்மையும். அதில் சோப்பும் நுரைக்காது.

அருமனை_அண்டி · செவ்வாய், மதியம் 2:48

கடுக்காய் எதுக்கு விலைகொடுத்து வாங்கணும்? நம்ம பக்கம் அண்டி ஆபீசு, அதான் முந்திரி ஆலை, இத்தனை இருக்கு. பருப்பை வாட்டி, மேல இருக்கிற செந்தவிட்டு நிறத் தொலியை உரிச்சுத் தள்ளுவாங்களே, அதுல துவர்ப்பு கொள்ளையா இருக்கு. தோல் பதனிடவே ஆகும். கொதிக்க வச்சா நல்ல செம்பழுப்பு. படிகாரம் போட்டா ஒருமாதிரி, அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்த்தா அப்படியே இருண்டு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகும். எங்க ஊர்ல சாக்குக்கணக்குல கிடைக்கும்.

ஆனா கவனம், தொலி வேற, தோடு வேற. வெளித்தோட்டுல இருக்கிற எண்ணெய் கையைப் பொசுக்கிரும். அண்டி தல்லுற பெண்ணுங்க கையைப் பாத்தவங்களுக்குத் தெரியும், விரல் நுனி கறுத்து, தோல் உரிஞ்சு, சாம்பலும் எண்ணெயும் தடவிக்கிட்டுத்தான் உக்காருவாங்க. தொலியோட தோட்டுத் துண்டு ஒண்ணுகூடக் கலக்காம புடைச்சு எடுக்கணும். பிள்ளைக உடுப்புன்னா ரெண்டு தடவை புடைக்கணும்.

வடசேரித்_தறி · செவ்வாய், மாலை 6:20

அண்டித் தொலி நல்லதுதான், ஆனா கடுக்காய்க்குப் பதிலா ஆகாது. கடுக்காய் துணியை வெளுப்பா விடும், மேல எந்த நிறமும் ஏத்தலாம். தொலிய ஏத்தினா அடியிலயே சிவப்புக் கலந்துரும். மேல சக்கை மஞ்சள் போட்டா துருப்பிடிச்ச மஞ்சளாத்தான் வரும்.

அருமனை_அண்டி · செவ்வாய், மாலை 6:41

துருப்பிடிச்ச மஞ்சளுக்கு என்ன குறை அண்ணாச்சி? டவுன்ல 'மஸ்டர்டு'ன்னு பேரு வச்சு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கான்.

வடசேரித்_தறி · செவ்வாய், மாலை 6:50

வித்துக்கோ. நான் சொன்னது மஞ்சள் கேக்கவனுக்கு மஞ்சள் கொடுக்கணும்னு.

கடலோரம் · செவ்வாய், இரவு 10:10

இந்தப் பேச்சைப் படிச்சதும் எங்க பாட்டா காலம் ஞாபகம் வருது. நைலான் வருகதுக்கு முன்ன வலை எல்லாம் பருத்தி நூலும் சணல் நூலும்தான். உப்புத் தண்ணியில சீக்கிரம் இத்துப்போவும். அதுக்குப் பனிச்சங்காய் இடிச்சு, இல்லைன்னா மரப்பட்டை வேகவச்சு, அந்தச் சாறுல வலையை முக்கி எடுத்து மணல்ல விரிப்பாங்க. கருஞ்செவப்பா மினுங்கும். அழகுக்கு இல்ல, நூல் மக்காம இருக்கத்தான். பனிச்சங்காய்ப் பசை வள்ளத்துல ஓட்டை அடைக்கவும் ஆகும். அந்த மரம் இப்ப நம்ம பக்கம் கண்ணுலயே படல்ல. பட்டைன்னு சொன்னதும் யாரும் காட்டுக்குள்ள போயி மரத்தை உரிச்சிராதீங்க. காப்புக்காட்டுல கேசு ஆயிரும், மரமும் பட்டுப்போவும்.

சங்குப்பூ_வீடு · புதன், காலை 7:30

எல்லாரும் மஞ்சளும் பழுப்புமே சொல்லுதீங்க. பிள்ளைக்குச் சிவப்பும் நீலமும்தானே பிடிக்கும்? எங்க வீட்டுல பதிமுகம் மரக்கட்டை போட்டுத்தான் வெள்ளம் குடிக்கோம். அந்த ரோஸ் துணியில நிக்காதா?

வேதி_வாத்தியார் · புதன், காலை 9:02

பதிமுகத்தில் இருப்பது பிரேசிலின். படிகாரம் ஏற்றிய பருத்தியில் பார்க்க அருமையாக ஏறும். எலுமிச்சை பட்டால் ஆரஞ்சு மஞ்சள், சலவைச் சோடா பட்டால் கருஞ்சிவப்பு. வெயில் தாங்காது. திரைச்சீலைக்கும் வெளியே உடுத்துகிற துணிக்கும் வேண்டாம்.

நிற்கிற சிவப்பு வேரில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் பல நூற்றாண்டாகத் துணிக்கு ஏற்றிய சிவப்பு, சாயவேர் என்கிற இம்பூறல் செடியின் வேரிலிருந்து வந்தது. அலிசரின்தான் காரணம். 1869-ல் ஜெர்மானியர்கள் அலிசரினைத் தாரிலிருந்து தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் வேரைத் தோண்டும் தொழில் படிப்படியாக நசிந்தது. செடி மணற்பாங்கான இடத்தில் இன்றும் முளைக்கும். நூல் கனத்து வேர், ஒரு சட்டைக்கு எத்தனை செடியைப் பிடுங்குவது? அதை விடுங்கள். நுணா வேரும் அப்படியே, தோண்டினால் மரம் போச்சு. நாட்டுமருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் கிடைக்கும், அது போதும். துணி எடையில் பாதி முதல் முழு எடை வரை. கொதிக்க விடாதீர்கள், கை பொறுக்காத சூட்டோடு நிறுத்துங்கள். கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். இதற்கு மட்டும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் நல்லதே செய்யும்.

வாழைத்தோப்பு · புதன், மதியம் 12:37

நீலத்துக்கு நான் சொல்லுதேன். அவுரி (இண்டிகோ செடி) நம்ம மாவட்டத்துல யாரும் சாயத்துக்குன்னு பயிர் பண்ணி நான் பாக்கல, விழுப்புரம் திண்டிவனம் பக்கத்துல இருந்து கட்டியா வாங்கணும். இது ஒண்ணை மட்டும் வெளியில இருந்து வாங்கலாம், ஏன்னா நீலத்துக்கு அவுரியை விட்டா வேற போக்கிடம் கிடையாது.

அவுரிக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். ஆனா அது வெள்ளத்துல கரையாது. காரத் தண்ணியில, ஆக்சிஜனை எடுக்கிற ஒரு பொருள் சேர்ந்தாத்தான் கரையும். பழைய சாயக்காரங்க சுண்ணாம்பும் ஊசித்தகரை விதையும் போட்டுப் புளிக்க வச்சாங்க. இப்ப எளிய கணக்கு ஒண்ணு, இரண்டு, மூணு: ஒரு பங்கு அவுரி, ரெண்டு பங்கு நீத்த சுண்ணாம்பு, மூணு பங்கு பழச்சர்க்கரை. பழச்சர்க்கரைக்கு நான் போடுறது தோல் கறுத்து விக்கமுடியாமப் போன மட்டி வாழைப்பழம். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்ச பழத்தைச் சாயப்பானையில போடுதியேன்னு எங்க சித்தப்பா ஏசுனாரு. அழுகினதைத்தானே போடுதேன். பழத்துல வெள்ளம்தான் அதிகம்கிறதால கணக்கைவிட ரொம்பவே கூடுதலாப் போடணும், வேகவச்சு வடிகட்டிய சாறை விட்டாப் போதும்.

அவுரியை மொதல்ல வெந்நியில குழைச்சு அரைச்சுக்கணும், தூளாப் போட்டா மிதக்கும். பானை வெதுவெதுப்பா இருக்கட்டும். கலக்கிட்டு அடங்க விட்டா, மேல செம்புப் பளபளப்புல ஒரு படலம் கட்டும், நீல நுரை ஒதுங்கும். கரண்டியால விலக்கிப் பாத்தா உள்ள இருக்கிறது நீலமா இருக்காது, மஞ்சள் பச்சையாத் தெளிஞ்சிருக்கும். அப்பம்தான் பானை தயார். நனைச்ச துணியைக் காத்துக் குமிழ் வராம உள்ள விட்டு, சில நிமிசம் கழிச்சு எடுத்தா பச்சையா வந்து கண்ணு முன்னாலயே நீலமாகும். கடும் நீலம் வேணும்னா அதிக நேரம் போட்டுப் பிரயோசனமில்ல, திரும்பத் திரும்ப முக்கி முக்கிக் காத்தாட விடணும். கையுறை போடுங்க, சுண்ணாம்பு தோலை அரிச்சிரும். பச்சை வேணும்னா மொதல்ல அவுரி, நல்லா அலசிட்டு, அப்புறம் கடுக்காய், படிகாரம், சக்கை மஞ்சள்.

ரப்பர்_பால் · புதன், மாலை 4:15

அவுரியில முக்கினதும் காரத்தை எடுக்க ஆசிட் தண்ணியில அலசணும்னு படிச்சேன். ரப்பர் ஷீட்டுக்கு ஊத்துற ஆசிட் வீட்டுல கேன் கேனா இருக்கு, அதுல ரெண்டு மூடி விடலாமா?

வேதி_வாத்தியார் · புதன், மாலை 4:22

அது ஃபார்மிக் ஆசிட். கேனில் இருந்து நேராக எடுத்து வீட்டில் விளையாடாதீர்கள். நிறையத் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம், இல்லை கொஞ்சம் புளிக்கரைசல், தீர்ந்தது.

ஓணம்_சந்தை · புதன், இரவு 8:44

தோவாளைப் பூச்சந்தையை ஏன் ஒருத்தரும் சொல்லல்ல? கிரேந்தி (செண்டுமல்லி) விலை விழுந்த அன்னைக்குப் போனா கிலோ கணக்குல சும்மாவே கொடுப்பாங்க. இதழை மட்டும் பிய்ச்சு வேகவச்சா சக்கையைவிடப் பளிச்சுன்னு மஞ்சள். நிழல்ல காயவச்சு வச்சிக்கிட்டா வருசம் முழுக்க ஆகும். அரளியை மட்டும் கூடக் கலந்து அள்ளிராதீங்க, அது விஷம்.

பசுமைப்புலி · வியாழன், காலை 6:58

இதெல்லாம் சாதாச் சாயம் இல்லை, மருத்துவ உடுப்பு. கடுக்காய், மஞ்சிட்டி ரெண்டும் ஆயுர்வேத மூலிகை. உடுத்தினாலே தோல் நோய், சர்க்கரை எல்லாம் தீரும். விலையை அதுக்குத் தக்க வைங்க. இயற்கைச் சாயத்துல மாசும் கிடையாது.

வேதி_வாத்தியார் · வியாழன், காலை 8:30

உடுத்தினால் சர்க்கரை தீரும் என்று ஒரு தாய்மாரிடம் சொல்லி விற்காதீர்கள். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

மாசு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் விட்டதற்காக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உண்மை. அதனால் செடிச் சாயம் என்றாலே சுத்தம் என்று ஆகாது. பச்சை நிறத்துக்கு மயில்துத்தம் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. மயில்துத்தம் செம்பு உப்பு. குளத்தில் விட்டால் மீன் சாகும். குரோமியம் அதைவிட மோசம், பழைய புத்தகங்களில் 'பைக்குரோமேட்' என்று பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். பிள்ளைகள் உடுப்புக்குப் படிகாரமும், தேவைப்பட்டால் அளவான அன்னபேதியும் மட்டும். அன்னபேதி கிலோ துணிக்கு 20 முதல் 40 கிராமுக்கு மேல் போனால் கறுப்பு அதிகமாகாது, நூல்தான் இற்றுப்போகும். பழைய கறுப்புப் புடவைகள் கறுப்புக் கட்டத்தில் மட்டும் கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிச்சப் படிகாரத் தண்ணீரை அடுத்த ஈடு துணிக்கே வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் படிகாரம் சேர்த்தால் போதும்.

கடலோரம் · வியாழன், காலை 9:10

அன்னபேதி வாங்காமலும் பண்ணலாம். துருப்பிடிச்ச ஆணி, தூண்டி முள்ளு எல்லாத்தையும் கருப்பட்டித் தண்ணியில போட்டுப் புளிக்க வச்சா கறுப்புச் சாயத் தண்ணி வந்துரும். கலம்காரிக்காரங்க வெல்லம் போட்டுச் செய்யுதது இதைத்தான். கருப்பட்டி விக்கிற விலைக்கு இப்ப அதுவும் ஆடம்பரம்தான்!

தக்கலை_தையல் · வியாழன், மாலை 5:35

எவ்வளவு விசயம்! இந்த ஞாயித்துக்கிழமை சக்கைப்பொடியில இருந்து ஆரம்பிக்கேன். சிவப்பு, நீலம் அப்புறம் பாக்கலாம். வாடிக்கைக்காரங்ககிட்ட இந்த உடுப்பை எப்படித் துவைக்கச் சொல்லணும்? மில்லுல போய் என்னன்னு கேக்கணும்? எனக்கு மரத்தைப் பாத்து அடையாளம் தெரியாது.

வடசேரித்_தறி · வியாழன், இரவு 9:20

துவைக்கப் பூந்திக்கொட்டை. பார் சோப்பும் பவுடரும் காரம், அடிச்சுத் துவைச்சா நிறம் மாறிப் போவும். காயப் போடுறது நிழல்ல, உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி. இதை ஒரு சின்ன அட்டையில எழுதி உடுப்போட தைச்சே கொடுத்துரு.

மில்லுல சும்மா "மரப்பொடி வேணும்"னு கேட்டா தேக்கு, அயினி, ரப்பர் எல்லாம் கலந்ததை அள்ளித் தந்துருவான். சக்கைத் தடி அறுக்கிற நாளு எதுன்னு முன்கூட்டியே கேட்டு, அறுக்கத் தொடங்குகதுக்கு முன்ன வாளுக்கு அடியில பழைய சாக்கை விரிச்சுப் போடச் சொல்லு. சாயாவுக்குக் காசு கொடுத்தா செய்வானுவ. பொடியில ஒரு பிடி எடுத்து சோடாத் தண்ணியில போட்டுப் பாரு. தண்ணி உடனே கடும் மஞ்சளா மாறினா சக்கையா இருக்க வாய்ப்பு அதிகம். பொடி ஈரமா இருக்கும், அன்னைக்கே நிழல்ல பரத்திக் காய வச்சிரு, இல்லைன்னா பூசணம் பிடிக்கும்.